பிரின்ஸ் வீதி ஒல்லாந்தர் வீடு: சுவரும் கூரையும்

கொழும்புத் துறைமுகத்துக்கும் கோட்டைப் புகையிரத நிலையத்துக்கும் இடையில், மொத்த வியாபாரக் கடைகளால் நெருக்குண்டு கிடக்கும் புறக்கோட்டையின் பிரின்ஸ் வீதியில், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்ட இரண்டு மாடி வீடு ஒன்று இன்றும் நிற்கிறது. 1692 முதல் 1697 வரை இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராக இருந்த தோமஸ் வான் ரே தமது வதிவிடமாகக் கட்டியதாகக் கருதப்படும் இவ்வீடு, 1982 முதல் ஒல்லாந்தர் கால அருங்காட்சியகமாக இயங்கிவருகிறது. அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் பெரும்பாலும் உள்ளே வைக்கப்பட்டுள்ள கருங்காலி நாற்காலிகளையும் நாணயங்களையும் பீங்கான் பாத்திரங்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். ஆயினும் அங்குள்ள காட்சிப் பொருள்களுள் மிகப் பெரியதும் மிக அரியதும் அந்தக் கட்டடமேயாகும். கல், சாந்து, மரம், ஓடு ஆகிய நான்கையும் கொண்டு, கொழும்பின் மழைக்கும் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் ஈடுகொடுக்கும் வகையில் ஒரு வீட்டை எவ்வாறு அமைக்கலாம் என்பதை முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் நேரில் காட்டக்கூடிய கட்டடங்கள் இந்நகரில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1656 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய பின்னர், நகரை இரண்டாகப் பிரித்து, படையும் பண்டகசாலைகளும் இருந்த பகுதியைக் கோட்டையாகவும் அதற்கு வெளியே இருந்த பகுதியைக் குடியிருப்பாகவும் வைத்துக்கொண்டது. குடியிருப்புப் பகுதியாகிய இன்றைய புறக்கோட்டையில் நேர்கோட்டு வீதிகள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் ஒழுங்கு ஏற்படுத்தப்பட்டது. கெய்சர் வீதி, பிரின்ஸ் வீதி ஆகிய பெயர்களும் அக்காலத்தவையே. அவ்வீதிகளின் இருமருங்கிலும் கம்பனி அதிகாரிகளும் வசதி படைத்த வணிகரும் கட்டிய வீடுகள் வரிசையாக நின்றன. அவ்வரிசை முழுவதும் கடைகளாகவும் களஞ்சியங்களாகவும் உருமாறிவிட்ட நிலையில், வான் ரேயின் வீடு ஏறத்தாழத் தனித்து நிற்கிறது.

இவ்வீட்டை ஒல்லாந்து நாட்டு வீடு என்று கருதினால் அதன் இயல்பு பிடிபடாது. ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்க் கரை வீடுகள் ஒடுங்கியவை, உயர்ந்தவை. கூரையின் முக்கோண முகப்பை வீதிக்குக் காட்டி, குளிரை வெளியே நிறுத்துவதற்காகச் சாளரங்களைக் கண்ணாடியிட்டு அடைத்து நிற்பவை. பிரின்ஸ் வீதி வீடோ அகன்று பரந்தது. வீதியோரத்தில் பருத்த வெண்தூண்களை நிறுத்தி, அவற்றின் மேல் கூரையை முன்னால் நீட்டி, நிழல் விழும் விறாந்தை ஒன்றை முகப்பாக்கிக் கொண்டது. உள்ளே சென்றால் அறைகளுக்கு அப்பால் திறந்த முற்றம், முற்றத்தில் கிணறு, அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம் என்று வீடு பின்னோக்கி விரிகிறது. முன் விறாந்தையிலிருந்து பின் முற்றம்வரை கதவுகளைத் திறந்துவைத்தால் காற்று தடையின்றி ஊடுருவும். முற்றத்தில் சூடேறிய காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்ப வீதிப்புறத்து நிழலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படும். மின்விசிறி இல்லாத காலத்தில் வீட்டுக்குக் காற்றோட்டம் இவ்வாறே கிடைத்தது.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது. நடுவில் முற்றம், நாற்புறமும் தாழ்வாரம், தாழ்வாரத்துக்கு அப்பால் அறைகள் என்ற ஒழுங்கு செட்டிநாட்டு வீடுகளிலும் கேரளத்து நாலுகெட்டிலும் கண்டிப் பிரதேசத்து வளவுகளிலும் உண்டு. ஒல்லாந்தர் இதை யாரிடமிருந்து கற்றனர் என்பது பற்றி வாதங்கள் நடப்பதுண்டு. ஆனால் அவ்வீட்டைக் கட்டிய கைகள் இந்நாட்டு மேசன்மாரும் தச்சருமே என்பதை நினைவிற் கொண்டால் அவ்வாதத்தின் சூடு பெரிதும் தணிந்துவிடும். கம்பனி அதிகாரி அளவையும் அலங்காரத்தையும் சொல்லியிருப்பார். எந்த மரம் கறையானுக்கு இரையாகாது, எந்தச் சரிவில் ஓடு வழுக்காது என்பதை அவருக்குச் சொன்னவர்கள் வேறு.

இவ்வீடு எழுந்த காலத்தில் ஓடும் சுண்ணாம்பும் வெறும் கட்டடப் பொருள்களாக இருக்கவில்லை. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைவைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், தாம் தப்பிச் சென்ற பின்னர் 1681 இல் வெளியிட்ட நூலில், அந்நாட்டின் சாதாரண மக்கள் தம் வீடுகளுக்கு ஓடு வேயவோ சுவர்களுக்கு வெள்ளையடிக்கவோ அனுமதிக்கப்படவில்லை என்று பதிவு செய்துள்ளார். கூரை ஓலையாலும் வைக்கோலாலும் வேயப்பட்டிருந்தால் அது குடியானவர் வீடு. ஓடும் வெண்சுவரும் இருந்தால் அது அரசனுக்கோ கோயிலுக்கோ பெருங்குடியினருக்கோ உரியது. நொக்ஸின் நூல் வெளிவந்த ஒரு தசாப்தம் கழிந்து, கண்டி அரசனின் எல்லைக்கு வெளியே கரையோர நகரில், இரண்டு மாடி உயரத்துக்கு வெள்ளையடித்து ஓடு வேய்ந்த வீட்டை ஓர் அந்நிய ஆளுநர் எழுப்பியபோது, சுற்றியிருந்த கிடுகுக் குடிசைகளில் வாழ்ந்தோர் அதைக் கண்டு என்ன விளங்கிக்கொண்டிருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று.

சுவரிலிருந்து தொடங்குவது பொருத்தம். ஒல்லாந்தர் காலத்துக் கொழும்புக் கட்டடங்களின் சுவர்களில் செங்கல்லைவிடக் கூடுதலாகக் காணப்படுவது கபுக் கல் ஆகும். தமிழில் செம்புரைக்கல் எனவும் வெட்டுக்கல் எனவும் வழங்கும் இக்கல், மழை மிகுந்த வெப்பநாடுகளில் பாறை நெடுங்காலம் சிதைந்து, கரையக்கூடிய பொருள்கள் நீரோடு போய்விட, இரும்பும் அலுமினியமும் செறிந்து எஞ்சுவதால் உருவாகிறது; அதன் செந்நிறம் இரும்பு தந்தது. நிலத்துக்கடியில் இருக்கும்போது மண்வெட்டிக்கும் கோடரிக்கும் இணங்குமளவுக்கு மென்மையாக இருக்கும் இக்கல், வெட்டியெடுத்து வெயிலிலும் காற்றிலும் சில காலம் வைத்தால் இறுகிவிடும். இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் இது தாராளமாகக் கிடைப்பதால், செங்கல் சுடுவதற்கு வேண்டிய விறகும் கூலியும் மிச்சமாயின. செங்கல்லைத் தூண், வளைவு, மூலை ஆகிய துல்லியம் வேண்டிய இடங்களுக்கு ஒதுக்கி, சுவரின் உடலைக் கபுக் கல்லால் நிரப்புவது அக்காலத்தவர் கையாண்ட சிக்கனமான முறையாகும்.

கபுக் கல்லுக்கு ஒரு குறையுண்டு. அதன் உடல் முழுவதும் நுண்துளைகள் இருப்பதால் அது தண்ணீரை உறிஞ்சும். மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் வரும் கல், தன் உறுதியை இழந்து உதிரத் தொடங்கும். ஆகவே கபுக் கல் சுவருக்குப் பூச்சு இன்றியமையாதது. அந்தப் பூச்சு சுண்ணாம்பாக இருக்க வேண்டியதும் இன்றியமையாதது. கரையோரத்தில் கிடைத்த பவளக்கற்களையும் சிப்பிகளையும் சூளையிலிட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் எரித்தால் அவற்றிலுள்ள கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகும். அதை மணலுடன் கலந்து பூசினால், காற்றிலிருந்து கரியமிலவாயுவை மெல்ல மெல்லத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, பல மாதங்களில் மீண்டும் கல்லாகும். கடலிலிருந்து எடுத்த கல் சுவரில் மறுபடியும் கல்லாவதே இத்தொழிலின் சாரம்.

இவ்வாறு இறுகிய சுண்ணாம்புப் பூச்சு நீராவியைத் தன்னூடாகப் போகவிடும். நிலத்திலிருந்து ஏறும் ஈரமும் மழையில் உட்புகுந்த ஈரமும் வெயில் ஏறியதும் பூச்சினூடாக வெளியேறி ஆவியாகிவிடும். ஈரம் கொண்டுவரும் உப்பு பூச்சிலேயே படிந்து, பூச்சு பொருக்கு விடும். பொருக்கு விட்ட பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினால் போதும், உள்ளேயுள்ள கல்லுக்குச் சேதமில்லை. சீமெந்துப் பூச்சின் இயல்பு இதற்கு மாறானது. அது இறுக்கமானது, ஈரத்தை வெளியே விடாது, உப்பு பூச்சுக்குப் பின்னால் கல்லுக்குள்ளேயே படிகமாகி, கல்லை உள்ளிருந்து நொறுக்கும். வெளியே பார்த்தால் சுவர் பளபளவென்று புதிதாகத் தெரியும். ஒரு நாள் பூச்சு பெரும் பாளமாகக் கழன்று விழும்போது அதனுடன் அரை அங்குலக் கல்லும் சேர்ந்து வரும். பழைய கட்டடங்களுக்கு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட தீங்குகளுள் சீமெந்துப் பூச்சுக்கே முதலிடம் தரவேண்டும்.

இச்சுவர்களின் பருமனை இன்னும் தெளிவாகக் காண வேண்டுமாயின், பிரின்ஸ் வீதியிலிருந்து வடகிழக்கே கொட்டாஞ்சேனை மேட்டில் ஏறி வுல்வெண்டால் தேவாலயத்தைப் பார்க்கலாம். 1749 இல் தொடங்கி 1757 இல் அருட்பொழிவு செய்யப்பட்ட இத்தேவாலயம், நான்கு கைகளும் சம நீளமுள்ள கிரேக்கச் சிலுவையின் வடிவில் அமைந்தது. கபுக் கல்லும் பவளக்கல்லும் கொண்டு கட்டிச் சுண்ணாம்பு பூசிய அதன் சுவர்கள் ஏறத்தாழ ஐந்து அடி தடிப்பானவை. இத்தகைய சுவர் பகல் முழுவதும் வெயிலை வாங்கினாலும் அந்த வெப்பம் உட்புறத்தை எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் தேவாலயத்தின் வரலாற்றில் அதிகம் பேசப்படும் சேதம் சுவருக்கு நேர்ந்ததன்று. செங்கல்லால் வளைத்துக் கட்டிய அதன் கூரை 1856 இல் இடி விழுந்து கடுமையாகச் சிதைந்தது; பின்னர் மரச்சட்டத்தின் மேல் இரும்புத் தகடு போர்த்த கூரையே அதற்குப் பதிலாக அமைக்கப்பட்டது. இன்று கொட்டாஞ்சேனையில் நிற்பது பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கூரையும் சேர்ந்த கட்டடமாகும். அதனால் அதன் பெருமை குறைந்துவிட்டதாக எவரும் சொல்வதில்லை.

கொழும்பின் பழைய கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சுவர் நிலைத்திருக்க வேண்டுமாயின் கூரை அடிக்கடி மாற வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் நகரில் கூரையே வீட்டின் முதற் பாதுகாவல். அது ஓரிடத்தில் விலகினால் அதன் கீழுள்ள வளை நனைந்து உக்கும், வளை தாழ்ந்தால் சுவரின் தலைப்பகுதி திறந்துகொள்ளும், சுவருக்குள் இறங்கிய தண்ணீர் சாந்தைக் கரைத்துக்கொண்டு அத்திவாரம்வரை போகும். பிரின்ஸ் வீதி வீட்டுக்குத் தண்ணீரால் வந்த வினையே அதன் பிற்கால வரலாற்றைத் தீர்மானித்தது. ஒல்லாந்தர் காலத்தில் சமயக் கல்விக்கும் ஆசிரியர் பயிற்சிக்குமான செமினரியோடு தொடர்புற்றிருந்ததாகக் கூறப்படும் இவ்வீடு, 1796 இல் கொழும்பு பிரித்தானியர் கைக்கு மாறிய பின்னர் படையினருக்கும் பொலிசாருக்கும் பயன்பட்டு, 1932 இல் புறக்கோட்டைத் தபாலகமாயிற்று. 1970-களின் தொடக்கத்தில் பெருமழையில் அதன் தென்புறச் சுவர் இடிந்து விழுந்ததை அடுத்துத் தபாலகம் அங்கிருந்து வெளியேறியது. இடித்துவிட்டுக் கடை கட்டுவதற்கு அதைவிட வசதியான தருணம் வாய்த்திராது. மாறாக, ஒல்லாந்தில் கல்விகற்றுத் திரும்பிய இலங்கையரின் சங்கமொன்றின் முயற்சியால் இரு அரசுகளும் உடன்பட்டு, 1977 இல் திருத்த வேலை தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் வீடு அருங்காட்சியகமாகத் திறந்துவைக்கப்பட்டது.

அவ்வீட்டுக் கூரையின் அமைப்பை நெருங்கிப் பார்ப்பது பயனுடையது. உச்சியில் முகட்டு வளை நீளவாட்டில் கிடக்க, அதிலிருந்து சுவர்த் தலையிலுள்ள வளைவரை கைமரங்கள் சரிவாக இறங்குகின்றன. கைமரங்களுக்குக் குறுக்கே சிலாகைகள் நெருக்கமாக அறையப்படுகின்றன. சிலாகைகளின் மேல் ஓடு கிடக்கிறது. ஓடு என்பது இங்கே அரைவட்டமாக வளைந்த பீலி ஓடாகும். முதலில் ஒரு வரிசை ஓடுகளை வாய் மேல்நோக்கி இருக்குமாறு மல்லாத்தி வைத்து, அவற்றின் ஓரங்கள் சந்திக்கும் இடங்களை மூடுமாறு இரண்டாம் வரிசையைக் கவிழ்த்து வைப்பர். மல்லாந்த ஓடு தண்ணீர் ஓடும் வாய்க்கால், கவிழ்ந்த ஓடு அதன் வரம்பு. இவ்வோடுகளை ஆணியோ கம்பியோ பிடித்து வைப்பதில்லை. தம் எடையாலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதாலுமே அவை நிற்கின்றன. ஆகவே சரிவு மிகுந்தால் ஓடு வழுக்கும். குறைந்தால் தண்ணீர் பின்னோக்கி ஏறி ஒழுகும். காகம் கிளறினாலும் பூனை ஓடினாலும் ஓடு விலகும். ஒவ்வொரு மாரிக்கு முன்னரும் ஒருவர் ஏறி, உடைந்ததை மாற்றி, விலகியதைச் சரிசெய்து, இலைகுழைகளைக் கூட்டிவிட வேண்டும். ஓட்டிடுக்குகளினூடே காற்று கசிவதால் உட்புறம் வெந்துபோகாமல் இருப்பது இவ்வமைப்பின் நன்மை. ஏறுவதற்கு ஆள் வேண்டியிருப்பது அதன் விலை.

ஓட்டுக் கூரையின் மூதாதை ஓலைக் கூரையே. தென்னோலையை நடுநரம்பில் இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் ஊறவைத்து, கீற்றுகளை மாறிமாறிப் பின்னிச் செய்யும் கிடுகு, கொழும்பிலும் தென்மேற்குக் கரையோரத்திலும் ஏழையின் கூரையாக இருந்தது. வடக்கில் பனையோலையும், நெல் விளையும் பிரதேசங்களில் வைக்கோலும், காட்டோரங்களில் இலுக்குப் புல்லும் அதே பணியைச் செய்தன. கிடுகு ஓரிரு மாரிகளைத் தாங்கும். பனையோலை அதைவிடக் கூடுதலாக உழைக்கும். எந்த ஓலையாயினும் கூரை செங்குத்தாகச் சரிந்திருக்க வேண்டும், ஏனெனில் ஓலை தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. உள்ளே இறங்குவதற்குள் வழிந்தோடிவிடுமாறு அதை விரைவுபடுத்துகிறது. நெருப்புக்கு அஞ்சவேண்டியிருந்த போதிலும், ஓலைக் கூரையின் குளிர்ச்சிக்கு ஓட்டுக் கூரையும் ஈடாகாது. கல்லாலும் சாந்தாலும் சுவரெழுப்பி, மேலே ஓலை வேய்ந்துகொண்ட வீடுகள் வடமாகாணக் கிராமங்களில் அண்மைக்காலம்வரை சாதாரணமாகக் காணப்பட்டன. சுவருக்குப் பணம் சேர்ந்து, ஓட்டுக்குச் சேர்வதற்குள் ஒரு தலைமுறை கடந்த வீடுகளும் அவற்றுள் அடங்கும்.

இத்தகைய வீடு எதுவும் இலங்கையின் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுள் இடம்பெறுவது அரிது. அதற்குச் சட்டத்தின் போக்கும் ஒரு காரணம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான 1815 மார்ச் 2 ஆம் திகதியை எல்லைக்கோடாகக் கொண்டு, அதற்கு முற்பட்ட கட்டடங்களைப் புராதன நினைவுச் சின்னங்கள் எனக் கொள்கிறது. பிற்பட்டவற்றை வர்த்தமானி அறிவித்தலின் மூலம் பாதுகாக்கப்பட்டவையாக்கலாம், பொதுவாக நூறாண்டைக் கடந்த கட்டடங்களே அவ்வாறு அறிவிக்கப்படுகின்றன. பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட கட்டடத்தைத் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ இயலாது. ஒரு பொருள் பழையதாக இருப்பதையும் அது மாறாதிருப்பதையும் இச்சட்டம் ஒன்றோடொன்று பிணைத்துப் பார்க்கிறது. கல்லுக்கு இது பொருந்தும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முற்றிலும் புதிதாக வேயப்படும் ஓலைக்கு இது எவ்வாறு பொருந்தும்? முந்நூறு ஆண்டு பழமையான ஓலைக் கூரை என்று உலகில் எதுவுமில்லை.

இந்தச் சிக்கலைப் பிற நாடுகள் எதிர்கொண்ட விதம் கவனத்துக்குரியது. இங்கிலாந்தில் 1947 ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்திலிருந்து வளர்ந்த பட்டியல் முறையின் கீழ், செங்கற் சுவரும் வைக்கோற் கூரையுமாக நிற்கும் ஏராளமான கிராமத்து வீடுகள் பாதுகாப்புப் பெற்றுள்ளன. அங்கே கூரையைப் புதுப்பிக்கத் தடையில்லை. ஆனால் நீண்ட வைக்கோலால் வேய்ந்ததை நாணற் புல்லுக்கு மாற்றுவது கட்டடத்தின் தோற்றத்தை மாற்றுவதாகக் கருதப்பட்டு, பெரும்பாலும் தனி அனுமதி வேண்டப்படுகிறது. அதாவது காக்கப்படுவது குறிப்பிட்ட வைக்கோல் அன்று, வேயும் முறை. ஜப்பானின் சிரகவா-கோ கிராமங்களில் இது இன்னும் வெளிப்படை. 1995 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அக்கிராமத்து வீடுகளின் புற்கூரை, கூப்பிய கைகள்போல் செங்குத்தாக எழுந்து பனியை வழுக்கிவிடும். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரார் திரண்டு கூட்டுழைப்பாக அதை வேய்கின்றனர். இதற்கு ஓராண்டு முன்னர், 1994 இல், நாரா நகரில் கூடிய வல்லுநர்கள் வெளியிட்ட ஆவணம், ஒரு மரபுரிமைச் சின்னத்தின் உண்மைத்தன்மையை அதன் பழைய பொருளில் மட்டும் தேடாமல், வடிவம், பயன்பாடு, தொழில்மரபு ஆகியவற்றிலும் தேடலாம் என்று ஏற்றுக்கொண்டது. கல்லால் கட்டிய ஐரோப்பாவின் அளவுகோலால் மரத்தையும் புல்லையும் அளக்க முடியாது என்ற கீழைநாட்டு முறைப்பாட்டுக்குக் கிடைத்த விடை அது.

நாரா ஆவணம் ஓலை வீட்டுக்கு மட்டும் உரியதன்று, பிரின்ஸ் வீதி வீட்டுக்கும் உரியது. அவ்வீட்டின் சுவரைச் சட்டம் காக்கிறது. சுவரைக் காக்கும் பூச்சையும் ஓட்டையும் புதுப்பிக்க வேண்டிய தொழில்களை எந்தச் சட்டமும் காக்கவில்லை. பவளக்கல் அகழ்வு கரையோரத்தை அரித்துவிடுவதால், அது சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது. தடுக்கப்பட வேண்டியதும் சரியே. அதன் விளைவாக ஒல்லாந்தர் பயன்படுத்திய சுண்ணாம்பு இன்று கிடைப்பதில்லை, உள்நாட்டுச் சுண்ணக்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பையே திருத்துநர்கள் பயன்படுத்த வேண்டியுள்ளது. நீற்றிய சுண்ணாம்பைப் பல வாரம் ஊறவிட்டுப் பக்குவம் பார்த்துப் பூசத்தெரிந்த மேசனைக் கொழும்பில் தேடிப்பிடிப்பது, சீமெந்து மூடை வாங்குவதுபோல் எளிதன்று. பீலி ஓட்டைப் பொறுத்தவரை, 1865 இல் மங்களூரில் பாசல் மிசன் தொழிற்சாலை நிறுவப்பட்டு, சிலாகையில் கொழுவிக்கொள்ளும் தட்டை ஓடு பெருவாரியாக வெளிவரத் தொடங்கியதோடு அதன் சரிவும் தொடங்கியது. வெள்ளவத்தையில் கடலுக்கும் காலி வீதிக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளின் கூரைகள் பெரும்பாலும் இந்தத் தட்டை ஓட்டு மரபைச் சேர்ந்தவை. அவ்வீடுகள் தொடர்மாடிகளுக்காக இடிக்கப்படும்போது மரமும் கதவும் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. ஓட்டைப் புரட்டிப் பார்த்தால் முதுகில் செய்தவர் பெயரும் ஊரும் அச்சாகியிருப்பதுண்டு. அவ்வீடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்போர் மிகக் குறைவு, நூறாண்டை எட்டிய வீடுகளும் அவற்றுள் இருக்கக்கூடும் என்றபோதிலும்.

சட்டம் கைகொடுக்காத இடத்தில் வேறொரு வழி கையாளப்பட்டதற்குக் கொழும்பு அல்பிரட் பிளேசில் நின்ற ஒரு வீடு சான்று. கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா, பத்திக் கலைஞரான ஈனா டி சில்வாவுக்கும் அவருடைய கணவரான முன்னாள் பொலிஸ் மாஅதிபர் ஒஸ்மண்ட் டி சில்வாவுக்கும் 1960 முதல் 1962 வரையிலான காலத்தில் கட்டிய அவ்வீடு, வெளியுலகுக்கு மதில் ஒன்றை மட்டும் காட்டி, நடுமுற்றத்தைச் சுற்றி விறாந்தைகளையும் அறைகளையும் அடுக்கிக்கொண்டது. பீலி ஓட்டுக் கூரை, மரத்தூண்கள், கருங்கல் தளம் என அதன் பொருள்கள் அனைத்தும் பிரின்ஸ் வீதி வீட்டைக் கட்டியவர்களுக்குத் தெரிந்தவையே. வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டால் இரும்பும் கண்ணாடியும் இறக்குமதி செய்வது கடினமாக இருந்த காலமாகையால், பழைய பொருள்களுக்குத் திரும்பியதில் இரசனையோடு நிர்ப்பந்தமும் கலந்திருந்தது. இலங்கையின் நவீன கட்டடக்கலை முற்றத்தை மீண்டும் கண்டடைந்த இடம் இது என்று கருதுவோர் பலர். 2009 இல் அக்காணி கைமாறி வீடு அகற்றப்பட வேண்டிய நிலை வந்தபோது, அதற்கு ஐம்பது வயதும் நிறைந்திருக்கவில்லை. தொல்பொருள் சட்டத்தின் பார்வைக்கு அது இல்லாத வீடு.

பாவாவின் பெயரால் இயங்கும் நம்பிக்கை நிதியங்கள் அவ்வீட்டைக் கழற்றியெடுக்க முடிவு செய்தன. தொல்பொருளியலாளர் அகழ்வில் கையாளும் முறைப்படி ஒவ்வொரு கல்லும் தூணும் கதவும் அளந்து, இலக்கமிட்டு, படமெடுத்துப் பெயர்க்கப்பட்டு, பெந்தோட்டைக்கு அருகே பாவா உருவாக்கிய லுனுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே அவ்வீடு மீண்டும் எழுப்பப்பட்டு 2016 இல் நிறைவுபெற்றது. மேலே சொன்ன ஒழுங்கின்படி அது என்றாவது ஒரு நாள் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாவதற்கு நூறாண்டை நிறைவுசெய்ய வேண்டியிருக்கும். அந்த நூறாண்டைக் கல்லும் மரமும் முதலில் ஒன்றுசேர்ந்த 1962 இலிருந்து எண்ணுவதா, அவை இப்போதுள்ள நிலத்தில் கூடிய 2016 இலிருந்து எண்ணுவதா என்பதை 2062 இல் திணைக்களத்தில் இருப்போர் தீர்மானிக்க வேண்டிவரும்.